வடிவம்மாள் மில்லின் நடுக்கம்

கரமனை ஆற்றங்கரையில் அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டியது. கட்டடத்துக்குள் ஒரு குழி தோண்டி, குழிக்குள் பூமியின் நடுக்கத்தைப் பதியும் கருவியை இறக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரையும் நியமித்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் நாற்பதடி தெற்கே ஒரு மாவு மில் ஓடுகிறது என்று தெரியவந்தது. அதிகாரிகள் இடம் பார்க்க வந்த அன்று கரண்ட் இல்லை. இதைவிட அமைதியான இடம் ஜில்லாவிலேயே கிடையாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிலையத்தின் வேலை இதுதான். கிழக்கே மலையில் ஒரு அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீரின் பாரத்தில் நிலம் அசைகிறதா, அசைந்தால் எப்போது, எத்தனை தடவை என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். அசைவு என்றால் வீடு இடியும் பூகம்பமில்லை. நடந்துபோகிற மனிதனுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். காகிதச் சுருளில் பேனா ஒரு சின்ன மேடு போடும். நாளைக்கு ஒன்று வரும், இரண்டு வரும், சில நாள் ஒன்றுமே வராது. அந்த மேட்டைத் தேடிப்பிடித்து வட்டம் போட்டு நேரம் எழுதுவது கோமதிநாயகத்தின் உத்தியோகம்.

கோமதிநாயகத்துக்கு இருபத்தொன்பது வயது. திருநெல்வேலிக்காரன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். ஒழுங்கானவன் என்று பெயர் வாங்கியவன். இந்த ஒழுங்குதான் வினையாகப் போயிற்று. மாதாந்திர அறிக்கையில் கடைசிக் கட்டம், 'பதிவுக்கு இடையூறு உண்டா, காரணம் என்ன' என்று கேட்கும். மற்றவர்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். கோமதிநாயகம் ஒரு மாதம், 'பகல் பதிவு முழுவதும் படிக்க இயலவில்லை. காரணம்: வடிவம்மாள் மாவு மில், தெற்கே நாற்பதடி' என்று அழகான கையெழுத்தில் நிரப்பி அனுப்பினான். கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினான். வேறு நோக்கம் ஒன்றும் அவனுக்கு இல்லை.

ஆறு வாரத்தில் வடிவம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்துக்குள் மில்லை வேறிடம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும்.

வடிவம்மாள் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாளாக மில்லை ஓட்டுகிறாள். கோமதிநாயகம் வேலைக்கு வந்த புதிதில் தங்க இடமில்லாமல் பெட்டியோடு நின்றபோது, நம்ம ஊர்ப்பக்கத்துப் பையன் என்று பக்கத்துத் தெருவில் அறை பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். நோட்டீஸை அவனிடமே கொண்டுவந்து கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னாள். அவன் படித்துச் சொன்னான். நோட்டீஸ் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்கு இருந்த வெட்கத்தை நேராகவே சொல்லிவிடலாம்: சோறு இறங்கவில்லை.

மறுநாள் நிலையத் தலைவர் டாக்டர் குறுப்பின் முன்னால் போய் நின்றான். மில்லை மூட வேண்டியதில்லை, மில் ஓடும்போதே பதிவிலிருந்து மில்லைக் கழித்துவிட்டு அதிர்வை மட்டும் எடுக்கப் பார்க்கிறேன், அந்த மூன்று மாதத்தை எனக்குக் கொடுங்கள் என்றான். டாக்டர் குறுப்பு நல்ல மனிதர். பதிவில் கலக்கும் இரைச்சல் என்பது ஓட்டில் விழும் மழை போன்றது, அதற்கென்று ஒரு முகம் கிடையாது, அதனால்தான் நிறையப் பதிவுகளைக் கூட்டிப்போட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு போய்விடுகிறது, பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். மில்லின் இரைச்சலுக்கோ முகம் இருந்தது, குணம் இருந்தது, வேலை நேரம் இருந்தது. ஆயிரம் பதிவைக் கூட்டினாலும் மில் மில்லாகவே நின்றது. அப்படியானால் அதன் முகத்தைத் தெரிந்துகொண்டால் போதுமே என்று கோமதிநாயகம் சொன்னான். பழக்கமாக வருவது எல்லாம் மில். அபூர்வமாக வருவது அதிர்வு. பழக்கத்தை முழுதாகத் தெரிந்துகொண்டு கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது அபூர்வம்தானே. குறுப்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செய்து பார் என்றார்.

செய்து பார்த்தான். மில் ஓடும்போது பேனா போடும் கோட்டை டிரேசிங் காகிதத்தில் எடுத்துக்கொண்டான். கண்ணாடி மேஜையின் கீழே பல்பு எரியவிட்டு, பதிவின்மேல் அந்த டிரேசிங்கை வைத்து நகர்த்துவான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் மில். எங்கே பிரிகிறதோ அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் ஸ்கேலால் அளந்து, அட்டைகளில் துளையிட்டு, பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் கொடுத்துக் கழித்துப் பார்க்கலாம்.

பொருந்தவேயில்லை. வடிவம்மாள் கரண்டைப் பற்றி மிகுந்த எண்ணம் உள்ளவள். ஒருத்தி அரைப்படி அரிசி கொண்டுவந்தால் மோட்டாரைப் போடுவாள், அரைத்ததும் நிறுத்துவாள். அடுத்தவள் மிளகாயோடு வந்தால் மறுபடி போடுவாள். நாளைக்கு எழுபது எண்பது தடவை. போட்டதிலிருந்து மோட்டாரும் பெல்ட்டும் ஒரு நிலைக்கு வர ஏழெட்டு நிமிஷம் பிடிக்கும். அரைப்படி அரிசிக்கு நாலு நிமிஷம் போதும். ஆக, மில் ஒரு முகத்தைக் காட்டுவதற்குள் நின்றுவிடும். ஒரு மாதம் கோமதிநாயகம் கண்ணாடி மேஜையில் குனிந்து கழுத்துவலி சம்பாதித்துக்கொண்டான்.

ஒரு புதன்கிழமைச் சுருளில் ஒரு நீளத்துக்கு டிரேசிங் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஆரம்பித்து ஒன்றரை மணி வரைக்கும் மோட்டார் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியிருந்தது. அதற்குள் ஓரிடத்தில் கோடு பிரிந்தது. கழித்துப் பார்த்தால் ஒரு மேடு. சுத்தமான, மலையிலிருந்து வந்த மேடு. கோமதிநாயகம் அதைச் சுற்றி வட்டம் போட்டான். மற்றச் சுருள்களையும் இழுத்துப்போட்டுத் தேடினான். வாரத்தில் எல்லா நாளும், நாளுக்கு ஒரு தடவை, சரியாக ஒன்றரை மணி நேரம் மில் நிலைக்கு வந்து ஒரே சீராக ஓடியிருந்தது. நேரம் மட்டும் நாளுக்கு நாள் வேறு. அதை ஒரு தாளில் எழுதினான். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று.

வெள்ளிக்கிழமையை எழுதச் சுருளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பத்தரை முதல் பன்னிரண்டு என்று கை தானே எழுதிவிட்டது. பிறந்ததிலிருந்து எல்லாக் காலண்டரிலும் பார்த்த நேரம்தான். ராகு காலம்.

அதை நம்ப அவனுக்கு இஷ்டமில்லை. ஒருநாள் முழுக்கச் சுருள்களை மறுபடி பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மில்லுக்குப் போய்க் கேட்டான். வடிவம்மாள் இதைப் போய் ஒரு கேள்வியாகக் கேட்கிறானே என்று பார்த்தாள். சுற்றிலும் அக்ரகாரத் தெருக்கள். ராகு காலத்தில் மோட்டாரைப் போட்டால் ஒரு மாமியும் மாவைக் கையால் தொடமாட்டாள். ஆனால் ராகு காலத்தில் தொடங்கத்தான் கூடாது. முன்னாலேயே தொடங்கியது நடந்துகொண்டிருந்தால் தோஷமில்லை. இதை அவர்களில் ஒருத்தியான சீதாலக்ஷ்மி மாமி, புரோகிதம் செய்யும் வாத்தியாரிடமே கேட்டுத் தெளிவு செய்துகொண்டு வந்திருந்தாள். ஆகவே வடிவம்மாள் ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மோட்டாரைப் போட்டுவிடுவாள். இடையில் நிறுத்தினால் திரும்பப் போட முடியாது. அதனால் அரைக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிகிற வரைக்கும் மில் ஓடிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை இதற்காகவே பத்து நிமிஷம் முன்கூட்டிக் கடை திறப்பாள்.

“எனக்கு இதுல நம்பிக்கை கெடையாது, கேட்டோ” என்றாள் வடிவம்மாள். “அவுகளுக்கு இருக்கே. பின்னே நான் என்ன செய்ய?”

ஆறு வாரத்துப் பதிவைக் கோமதிநாயகம் கழித்து முடித்தான். பகலில் ஏழு அதிர்வுகள் கிடைத்தன. பட்டியல் போட்டு டாக்டர் குறுப்பின் மேஜையில் வைத்தான்.

டாக்டர் குறுப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் பகுத்தறிவு பேசும் யுக்திவாதிகள் சங்கத்தின் ஜில்லாத் தலைவர். புத்தரிக்கண்டம் மைதானத்தில் பஞ்சாங்கத்தை எதிர்த்து ஒன்றேகால் மணி நேரம் பேசியவர். பெற்ற மகளின் கல்யாணத்தை வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்தி, சம்பந்தி வீட்டாரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர். ராகு காலத்தை மீறுகிறவனுக்கு அது எப்போது வருகிறது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் இரண்டாவது வரிக்கு வந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஏழு அதிர்வும் ராகு காலத்தில். ஒன்றுகூட வெளியே இல்லை.

கோமதிநாயகம் விளக்கினான். பூமி எல்லா நேரமும்தான் அசைகிறது, நம்மால் ராகு காலத்தில் மட்டும்தான் பார்க்க முடிகிறது என்றான். குறுப்புக்கு அது புரிந்தது. பத்திரிகைக்காரனுக்குப் புரியாது என்பதும் புரிந்தது. கிழக்கு மலையில் பூமி ராகு காலம் பார்த்து நடுங்குகிறது, யுக்திவாதி சங்கத் தலைவர் கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால் அவர் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

“இது ஆபீஸ் விட்டு வெளியே போகான் பாடில்ல” என்றார் அவர், போகக் கூடாது என்பதை மலையாளத்தில். அதோடு நிறுத்தாமல் நியாயமான சந்தேகம் ஒன்றையும் கிளப்பினார். மில் நிற்காமல் ஓடும்போது பெல்ட்டு சூடேறி அவ்வப்போது ஒரு குதி குதிக்கிறது, அந்தக் குதியைத்தான் நீ மலையிலிருந்து வந்ததாக நினைக்கிறாய் என்றால் என்ன சொல்வாய்? மில்லை ஒரு வாரம் முழுதாக நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றான் கோமதிநாயகம். அப்படி நிறுத்தினால் அவளுக்கு நஷ்டஈடு கொடுக்கத் துறையில் விதி இல்லை என்பதையும் குறுப்பு சொல்லிவிட்டார்.

அவன் போய் வடிவம்மாளிடம் கேட்டான். கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். ஒரு வாரம் மூடினால் மில் பிழைக்குமா என்று அவள் கேட்டாள். பிழைக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றான். அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் தென்காசியில் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் மாமிகள் கிள்ளிப்பாலத்து மில்லுக்கு அரிசி தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் நாலைந்து பேர் பிறகு திரும்பி வரவேயில்லை.

மில் மூடிய வாரம் கோமதிநாயகம் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராகு காலப் பதிவுகளை வைத்து அவன் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு உறையில் வைத்து ஒட்டிக் குறுப்பிடம் கொடுத்திருந்தான். ஒரு வாரத்தில் காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை எட்டோ ஒன்பதோ அதிர்வு வர வேண்டும் என்பது அந்தக் கணக்கு. திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மில் இல்லாத காகிதத்தில் பேனா நேர்கோடாக ஓடியது. அந்த இரண்டு நாளும் கோமதிநாயகம் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆறு வாரமாகத் தான் வட்டம் போட்டதெல்லாம் பெல்ட்டின் குதிதானோ, அதை நம்பி ஒருத்தி கடையை மூடிவிட்டுப் போயிருக்கிறாளே என்று நினைத்து நினைத்துப் பழைய சுருள்களையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

புதன்கிழமை காலை எட்டே காலுக்கு ஒன்று வந்தது. பதினொன்றுக்கு இன்னொன்று. வியாழன் மூன்று. ஞாயிறு மாலைக்குள் ஒன்பது ஆகிவிட்டது. அதில் ஒன்றே ஒன்றுதான் ராகு காலத்தில் விழுந்தது. குறுப்பு உறையைப் பிரித்தார், தாளைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், ஒரு சாயா கொண்டுவரச் சொன்னார்.

சாயாவைக் குடித்துவிட்டுக் குறுப்பு தாமாகவே ஒரு காகிதத்தை எடுத்துப் பகலை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். ஆறிலிருந்து ஏழரை வரை மில் திறப்பதில்லை, ஆகவே அது தானாகவே தெரிகிறது. மிச்சம் ஏழு கட்டம். ஏழு நாள். ராகு காலம் ஒரு வாரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு தடவை போகிறது. எதையும் விடுவதில்லை, எதற்கும் இரண்டாம் தடவை போவதில்லை. வாரம் முடியும்போது கையில் முழுசாக ஒரு பகல் இருக்கிறது. எந்த நேரத்துக்கும் சலுகை காட்டாமல் மாதிரி எடுக்க வேண்டுமென்று அவரையே கேட்டிருந்தால் இதைவிட நன்றாகத் திட்டம் போட்டிருக்க முடியாது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை சங்கக் கூட்டத்துக்கும் போகவில்லை.

அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. ராகு காலம் என்ற சொல் அதில் எங்கும் கிடையாது. 'ஏழு நாள் சுழற்சியில் தெரிந்தெடுத்த கால இடைவெளிகள்' என்று குறுப்பு எழுதியிருந்தார். தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோய், இந்த இடைவெளிகளைத் தெரிந்தெடுத்தது யார், மற்ற நிலையங்களிலும் இந்த முறையைக் கொண்டுவரலாமா என்று கேட்டு எழுதியது. உள்ளூர் முறை, மற்ற இடங்களுக்குச் சரிப்படாது என்று குறுப்பு பதில் போட்டார்.

மில்லை மூட வேண்டாம் என்று முடிவாயிற்று. உத்தரவில் என்னென்ன நிபந்தனை போட வேண்டும் என்று எழுதும் வேலை கோமதிநாயகத்திடம் வந்தது. அவன் தனக்கே உரிய ஒழுங்கோடு எழுதினான். முதல் நிபந்தனை, கீழ்க்கண்ட கிழமைகளில் கீழ்க்கண்ட நேரங்களில் மோட்டாரை இடைநிறுத்தாமல் ஓட்ட வேண்டும். இரண்டாவது நிபந்தனை, மோட்டார், பெல்ட், அரவைக் கல், அடித்தளம் ஆகிய எதையும் ஐந்து வருஷத்துக்கு மாற்றவோ நகர்த்தவோ கூடாது. மில்லின் நடுக்கம் மாறினால் டிரேசிங் பொருந்தாது. டிரேசிங் பொருந்தாவிட்டால் கழிக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் அது மிகவும் அவசியமான நிபந்தனை. துறை முத்திரையோடு உத்தரவு வந்ததும் அதைத் தபாலில் விடாமல் தானே கையில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினான். மனசு அன்றைக்குத்தான் லேசாக இருந்தது.

வடிவம்மாள் தென்காசியிலிருந்து வந்து மில்லைத் திறந்திருந்தாள். கூட்டமில்லை. மில் தப்பித்தது, இனி ஒருவரும் தொடமாட்டார்கள் என்று அவன் சொன்னபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது மாவுத் தூசியா வேறா என்று அவன் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே சொல்லிவிடுவோம் என்று, முதல் நோட்டீஸ் தன் கையெழுத்தால் வந்தது என்பதையும் சொல்லிவிட்டான்.

“தெரியும் தம்பி” என்றாள். நோட்டீஸோடு பின்னால் குத்தியிருந்த அறிக்கை நகலில் அவன் எழுத்து இருந்ததாம். அறை பிடித்துக் கொடுத்தபோது அவன் எழுதிக் கொடுத்த வாடகைச் சீட்டு அவளிடம் இருக்கிறதாம். ஒத்துப் பார்த்தாளாம். பிறகு அந்த நகலைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் நோட்டீஸை அவனிடம் படிக்கக் கொண்டுவந்தாளாம்.

அவள் கோபமாக இல்லை. உத்தரவை வாங்கி எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தாள். நேரங்களைப் படித்தபோது சிரித்தாள். இரண்டாவது நிபந்தனைக்கு வந்ததும் நிறுத்தி, திரும்ப ஒருதடவை படித்தாள். பிறகு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மில்லின் பின்சுவர் நடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் படுக்கிற அறை. சுவரோரமாக நாலு பழைய லாரி டயர்கள் சாத்தியிருந்தன. தென்காசியில் தங்கை புருஷன் ஒர்க்ஷாப்பிலிருந்து பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்தவை. டயரை வெட்டி மெஷினுக்கு அடியில் பரப்பி மேலே இறுக்கினால் நடுக்கம் தரைக்கு இறங்காது. அங்கே மில்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நாளைக்கு ஆள் வரச்சொல்லியிருந்தாள்.

“எங்க நடுக்கம் உங்க குழிக்கு வருதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அன்னைக்கே போட்டிருப்பேனே” என்றாள். “இந்த அஞ்சு வருஷம்னு எழுதுனதும் நீங்கதானா?”

அவன் ஆமாம் என்றான்.

“எங்கிட்ட கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.”

சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் முன்பக்கம் போனாள். வெள்ளிக்கிழமை, மணி பத்து இருபது. மோட்டாரைப் போட்டாள். விரிசலிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. கோமதிநாயகம் டயர்களுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணி வரைக்கும் நின்றுகொண்டிருந்தான்.